பாவு கணக்கின் பொறுப்பு, ஊடை உள்ளுணர்வின் உரிமை

புதிய பொருளொன்றை வடிவமைக்கும்போது விற்பனைக் கணக்கை நம்புவதா, அனுபவம் தரும் உள்ளுணர்வை நம்புவதா? பாலராமபுரத்தின் தறிகள் இக்கேள்விக்குத் தரும் விடை, சொந்தமாகத் தொழில் நடத்தும் எவருக்கும் பயன்படக் கூடியது.

காட்டாக்கடையிலிருந்து தென்மேற்காக வரும் சாலை, திருவனந்தபுரம் – கன்னியாகுமரி நெடுஞ்சாலையைச் சந்திக்கும் இடத்தில் பாலராமபுரம் அமைந்துள்ளது. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அக்காலத்தில் உம்மிணித் தம்பியின் முயற்சியால் வள்ளியூர்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் ஏழு அழைத்து வரப்பட்டு இங்கே குடியமர்த்தப்பட்டன என்று ஊர் வரலாறு கூறுகிறது. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு என அமைந்த அவர்களின் குடியிருப்புகளில் தொடங்கிய நெசவு, பின்னர் சுற்றுவட்டார ஊர்களுக்கும் பல சமூகத்தாருக்கும் பரவியது. 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லைக் கோட்டின் இருபுறமும் உள்ள வாங்குவோரும் விற்போரும் இன்றும் ஒரே சந்தையைச் சேர்ந்தவர்களாகவே வாழ்கின்றனர்.

அரண்மனைக்கு நெய்த நாளில் நெசவாளருக்குத் தம் ஆடையை உடுத்துபவர் யாரென்பது தெரியும். அவர் விரும்புவது எவ்வளவு அகலக் கரை, எவ்வளவு மென்மை என்பதை நேரிலேயே கேட்டறியலாம். இன்று அதே துணியை வாங்குபவர் கொச்சியிலோ, சென்னையிலோ, வளைகுடா நாடொன்றிலோ இருக்கிறார். அவர் முகம் தெரியாத நிலையில், அவருக்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது எண்களே. எத்தனை உருப்படிகள் விற்றன, எந்த மாதத்தில், எந்த விலையில் என்பவையே அவரைப் பற்றி நாம் அறிபவை. முகத்தை இழந்த இடத்தை எண்கள் எவ்வளவு நிரப்பும், எங்கே நிரப்பாது என்பதை அறிவதே வடிவமைப்பில் உள்ள உண்மையான சிக்கல்.

திரும்பப் பெற முடியாத முடிவு எது?

பாலராமபுரத்தின் தனிச்சிறப்பு குழித்தறியில் கையால் எறியும் நாடாவைக் கொண்டு நெய்யும் பழைய முறை. 80, 100 எனும் உயர் எண் பருத்தி நூல்கள் இதற்குப் பயன்படுகின்றன. இவ்வாறு நெய்த துணியின் முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோலவே தோன்றும். இத்துணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

நெசவின் பெரும் உழைப்பும் முதலும் தறியில் அமர்வதற்கு முன்பே செலவாகிவிடுகின்றன. நூலை வாங்கிப் பதப்படுத்தி, பாவோட்டி, விடியற்காலையில் தெரு நீளத்திற்கு விரித்து, கஞ்சி தோய்த்து, இழை பிரித்துத் தூரிகையால் நீவி உலர்த்த வேண்டும். அதன்பின் ஒவ்வோர் இழையையும் விழுதிலும் அச்சிலும் கோத்துத் தறியில் பிணைக்க வேண்டும். துணியின் இரு ஓரங்களிலும் ஓடும் நெடுங்கரைக்கு உரிய சரிகை இழைகள் பாவிலேயே இடம்பெற்றுவிடுகின்றன. நூலின் எண், துணியின் அகலம், கரையின் அகலம், சரிகையின் தரம் ஆகிய நான்கும் அப்போதே முடிவாகிவிடும். அந்தப் பாவு தீரும்வரை அவற்றை மாற்ற இயலாது. கரையைப் புளியிலை அளவுக்கு மெல்லியதாக வைத்துவிட்டால், நடுவில் மனம் மாறி அதை இரண்டு அங்குலமாக்க முடியாது.

ஊடை அவ்வாறன்று. நாடாவில் உள்ள நூலை எந்நேரமும் மாற்றலாம். முந்தியின் நிறம், குறுக்குக் கோடுகளின் எண்ணிக்கை, இடையிடும் புட்டா ஆகியவற்றை ஒரு சேலைக்கு ஒருவிதமாகவும் அடுத்த சேலைக்கு வேறுவிதமாகவும் நெய்யலாம்.

ஒரு பாவில் எட்டுச் சேலைகள் நெய்யலாம் என எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். புதிய கரையொன்றைப் பாவிலேயே அமைத்து அது விலைபோகாவிட்டால், எட்டுச் சேலைகளும் அலமாரியில் தங்கும். அவற்றில் முடங்கிய நூல் விலையும், சரிகை விலையும், கடன் வட்டியும் அக்குடும்பத்தை அழுத்தும். புதிய முந்தியை ஒரே ஒரு சேலையில் நெய்து அது விலைபோகாவிட்டால், அந்த ஒன்றைச் சற்றுத் தள்ளுபடியில் விற்றுவிடலாம். மற்ற ஏழும் வழக்கம்போல விற்கும்.

இங்கிருந்தே நம் கேள்விக்கு விடை தொடங்குகிறது. கணக்கா, உள்ளுணர்வா என்று பொதுவாகக் கேட்பதைவிட, எடுக்கப்போகும் முடிவு பாவைச் சேர்ந்ததா, ஊடையைச் சேர்ந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். பெரும் முதலைக் கட்டிப்போடும் முடிவுக்குக் கணக்கின் சான்று வேண்டும். எளிதில் மாற்றக்கூடிய முடிவில் அனுபவத்தின் குரலுக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம்.

எண்கள் காட்டுபவை, மறைப்பவை

பாவுக்குக் கணக்கு வேண்டும் என்பதால், எல்லாக் கணக்கையும் அப்படியே நம்பலாம் என்பதன்று. கைத்தறி விற்பனையின் உச்சம் ஓணக் காலம். கடந்த சில ஓணங்களின் விற்பனையைச் சராசரி கண்டு அடுத்த ஓணத்திற்கு நெய்வது இயல்பான வழியாகத் தோன்றும். ஆனால் 2018-இல் திருவோணம் ஆகஸ்ட் 25-ஆம் நாள் வந்தது. அதற்குச் சற்று முன்னர்தான் பெருவெள்ளம் கேரளத்தைப் புரட்டிப் போட்டிருந்தது. 2020-இல் திருவோணம் ஆகஸ்ட் 31-இல், கொரோனாப் பெருந்தொற்றின் நடுவே வந்தது. இவ்விரு ஆண்டுகளின் எண்களையும் பிற ஆண்டுகளோடு கலந்து சராசரி எடுப்பவர், மக்களின் விருப்பத்தை அளப்பதாக எண்ணிக்கொண்டு வெள்ளத்தையும் நோயையும் அளந்துவிடுவார். எந்த எண்ணை ஒதுக்க வேண்டும் என்பதை ஊரையும் காலத்தையும் அறிந்த மனிதர்தாம் சொல்ல முடியும்.

விற்பனைப் பதிவேட்டுக்கு மற்றொரு குறையும் உண்டு. விற்றவை மட்டுமே அதில் ஏறும். கடைக்கு வந்து, நான்கு சேலைகளை விரித்துப் பார்த்து, ஒன்றும் பிடிக்காமல் சென்றவர் அதில் இல்லை. அவர் தேடியது அலுவலகத்திற்கு உடுத்தக்கூடிய எளிய கரையாக இருந்திருக்கலாம். கடையில் அது இல்லாததால், அதற்குத் தேவையே இல்லை என்று பதிவேடு சொல்லும். இருப்பில் உள்ள பொருள்களைத்தான் எண்கள் ஒப்பிடும். இன்னும் நெய்யப்படாத துணியைப் பற்றி அவற்றுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

எண்களுக்கு எட்டாத ஒரு வாய்ப்பை மனிதக் கண் கண்டதற்கு 2018-ஆம் ஆண்டு வெள்ளமே சான்றளித்தது. எர்ணாகுளம் மாவட்டத்தின் சேந்தமங்கலம் பாலராமபுரத்தைப் போலவே புகழ்பெற்ற நெசவூர். ஓணச் சந்தைக்காக அங்கே நெய்து வைத்திருந்த துணிகள் சேற்றில் ஊறிக் கறைபட்டன. கணக்குப் புத்தகத்தில் அவற்றின் மதிப்பு ஏறத்தாழ சுழியம். லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் ஆகிய இருவரும் அத்துணியைத் தூய்மைப்படுத்தி, கறையை மறைக்காமலே சிறு பொம்மைகளாக்கும் எண்ணத்தை முன்வைத்தனர். ‘சேக்குட்டி’ என்று பெயர் பெற்ற அப்பொம்மை ஒன்றின் விலை 25 ரூபாய். ஒரு சேலையிலிருந்து ஏறத்தாழ 360 பொம்மைகள் கிடைக்கும் என்று அவர்கள் கணக்கிட்டனர். அதாவது, ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் விற்கும் சேலை 9,000 ரூபாயாக மாறும் வழி பிறந்தது. கறையையே நினைவுப் பொருளாகக் கண்டது உள்ளுணர்வு. அது கைகூடுமா என்று உறுதி செய்தது எளிய பெருக்கல் கணக்கு.

உள்ளுணர்வும் தவறும்

உள்ளுணர்வு என்பது வானத்திலிருந்து இறங்கும் ஒளி அன்று. பல்லாயிரம் முறை இழையைத் தொட்ட விரலும், பல நூறு வாடிக்கையாளரின் முகக்குறிப்பைக் கண்ட கண்ணும் சேர்த்து வைத்த அறிவு அது. நூலைத் தொட்ட மாத்திரத்தில் கஞ்சி மிகுந்ததா, குறைந்ததா என்று மூத்த நெசவாளர் சொல்லிவிடுவார். அதை விளக்கச் சொன்னால் அவருக்குச் சொல் கிடைக்காமல் போகலாம். அதனால் அந்த அறிவு பொய்யாகிவிடாது.

ஆனால் அனுபவம் எங்கே உருவானதோ அங்கேதான் அதன் சொல் செல்லும். நூலின் பதத்தைத் துல்லியமாக அறிந்தவர், அறிமுகமில்லாத நகரத்து வாடிக்கையாளரின் விருப்பத்தையும் அதே உறுதியோடு ஊகிக்கும்போது சறுக்க நேரும். தம் சொந்தச் சுவையைச் சந்தையின் சுவையாக எண்ணுவதும், கடைசியாக வந்து உரத்துப் பேசிய ஒருவரின் கருத்தை எல்லாருடைய கருத்தாகக் கொள்வதும் உள்ளுணர்வுக்கு இயல்பான நோய்கள்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. ஒசூரில் கடிகாரத் தொழிற்சாலை அமைத்து வெற்றி கண்ட டைட்டன் நிறுவனம், 1990-களில் நகைத் தொழிலில் இறங்கியது. அதன் தனிஷ்க் விற்பனையகம் 1996-இல் சென்னையில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அது முன்வைத்தவை 18 காரட் தங்கத்தில், மேலைநாட்டுப் பாணியைத் தழுவிய நகைகள். கற்கள் பதிக்க 18 காரட் உறுதியானது, வடிவங்களும் அழகியவை. ஆனால் நம் இல்லங்களில் நகை என்பது அணிகலன் மட்டுமன்று, அவசரத்தில் கைகொடுக்கும் சேமிப்பும் ஆகும். அச்சேமிப்பின் அளவுகோல் 22 காரட். விற்பனை மந்தமாக இருந்ததைக் கண்ட நிறுவனம் 22 காரட்டுக்கு மாறியது. தங்கத்தின் தூய்மையை எக்ஸ்-கதிர் கொண்டு அளக்கும் காரட்மீட்டர் கருவியைக் கடைகளில் நிறுவி, மக்கள் தம் பழைய நகைகளைத் தாமே சோதித்துக்கொள்ள வழி செய்தது. சொன்ன தூய்மைக்குக் குறைந்த நகைகளை வைத்திருந்தவர்களுக்கு மாற்றிக்கொள்ளும் திட்டத்தையும் அறிவித்தது. அதன் வளர்ச்சி அங்கிருந்து தொடங்கியது.

நம் தறியின் மொழியில் சொன்னால், காரட் என்பது பாவு. நகையின் வடிவம் ஊடை. வடிவமைப்பாளரின் சுவை பாவை முடிவு செய்தபோது நகை விற்கவில்லை. குடும்பங்கள் தலைமுறைகளாக எதை வாங்கினவோ அந்தச் சான்று பாவை முடிவு செய்ததும், அதே வடிவமைப்பாளர்களின் திறமை பயன் தரத் தொடங்கியது. கண்ணால் காண முடியாத தரத்தை அளந்து காட்டும்போது வாங்குபவரின் நம்பிக்கை பெருகும் என்பதும் இங்கே கிடைக்கும் பாடம். சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்பதும் கண்ணுக்குத் தெரியாதவையே. அவற்றைக் கருவியால் சோதித்துச் சொல்லும் நெசவாளரோ கடைக்காரரோ அதே நம்பிக்கையைப் பெறுகிறார்.

காலி உறைகள் சொன்ன செய்தி

பாவும் ஊடையும் சரியாக இணைந்ததற்குக் கடலூர் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 1983-இல் சி. கே. ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலுடன் சிக் ஷாம்பு தயாரிப்பைத் தொடங்கினார். அத்தொழில் பின்னர் கெவின்கேர் நிறுவனமாக வளர்ந்தது. பெரிய குப்பிகளை வாங்க வசதியற்ற கிராமத்துக் குடும்பங்களுக்குச் சில்லறைக் காசில் கிடைக்கும் சிறு உறையே அவருடைய பாவு. அன்றாடக் கூலியில் வாழும் ஒருவர் ஒரு முறைக்கு எவ்வளவு செலவிட முடியும் என்ற கணக்கில் அது நின்றது.

அடுத்து அவர் செய்தது நுட்பமானது. எந்த நிறுவனத்தின் காலி உறையானாலும் ஐந்தைக் கொண்டு வந்து கொடுத்தால் ஒரு சிக் உறை இலவசம் என்று அறிவித்தார். வாடிக்கையாளரை ஈர்க்கும் சலுகையாகத் தோன்றிய அத்திட்டம், எந்த ஊரில் எந்த ஷாம்புவைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கான சான்றையும் கடைகளின் வாயிலில் கொண்டு வந்து குவித்தது. மக்கள் தம் பொருளுக்குப் பழகிய பின், சிக் காலி உறைகளுக்கு மட்டுமே சலுகை என்று திட்டத்தை மாற்றினார்.

பின்னர் மல்லிகை, ரோஜா மணங்களைச் சேர்த்தபோது விற்பனை மேலும் உயர்ந்தது. கூந்தலைக் கழுவி உலர்த்தியதும் பூச்சூடும் பெண்களுக்கு எந்த மணம் இனிக்கும் என்பதைத் தமிழ்நாட்டு வீடொன்றில் வளர்ந்தவர் எளிதில் உணர்வார்; காலி உறைகளை எத்தனை முறை எண்ணினாலும் அந்த எண்ணம் பிறந்திராது. உறையின் விலையைக் கணக்கும், உள்ளிருக்கும் மணத்தைப் பண்பாட்டு அறிவும் வகுத்தன. மணம் எடுபடாமல் போயிருந்தால் அடுத்த தயாரிப்பில் அதை மாற்றியிருக்கலாம்.

உங்கள் தொழிலில் எப்படிச் செய்வது?

நெய்யாற்றின்கரையில் பேக்கரி நடத்துபவருக்கு அடுப்பு பாவு. வாரந்தோறும் மாறும் பலகாரம் ஊடை. பாறசாலையில் ஆயத்த ஆடை தைப்பவருக்கு மொத்தமாக வாங்கும் துணியும் அளவு வரிசையும் பாவு. கழுத்து வடிவமும் பொத்தானும் ஊடை. காட்டாக்கடையில் மரச்சாமான் செய்பவருக்கு இயந்திரமும் மரமும் பாவு. கைப்பிடியும் மெருகும் ஊடை. எத்தொழிலாயினும் பின்வரும் நான்கு பழக்கங்கள் துணை நிற்கும்.

முதலாவது, பிரித்தறிதல். புதிய எண்ணம் தோன்றியவுடன், இது தவறானால் எவ்வளவு பணம், எத்தனை நாள் முடங்கும் என்று எழுதுங்கள். அத்தொகை ஒரு மாதக் குடும்பச் செலவை விஞ்சுமானால் அது பாவு. அதற்குச் சான்று தேடுங்கள்.

இரண்டாவது, முன்கூட்டியே எழுதி வைத்தல். புதிய முந்தியில் ஐந்து சேலைகள் நெய்தால் இரண்டு வாரத்தில் எத்தனை விற்கும் என்று தொடங்குமுன்பே குறித்து வையுங்கள். எத்தனைக்குக் கீழே போனால் கைவிடுவது என்பதையும் எழுதுங்கள். விற்ற பின்னர், ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்று சொல்வது எளிது. எழுதி வைத்த ஊகம்தான் நம் உள்ளுணர்வு எந்த இடத்தில் நம்பத்தக்கது, எந்த இடத்தில் அன்று என்பதைக் காட்டும்.

மூன்றாவது, வாங்காமல் சென்றவரைப் பதிவு செய்தல். யுபிஐ வழியே வரும் தொகைகள் உங்கள் கணக்கு அறிக்கையில் நாள், நேரம், அளவு ஆகியவற்றோடு பதிவாகின்றன. எந்தக் கிழமை, எந்த வேளையில் வியாபாரம் கூடுகிறது என்பதை அதிலிருந்தே அறியலாம். ஆனால் எந்தக் கரைக்காக அப்பணம் வந்தது என்பதும், எதைக் கேட்டு இல்லையென்றதும் ஒருவர் திரும்பினார் என்பதும் அதில் இரா. கல்லாப்பெட்டியருகே ஒரு சிறு குறிப்பேடு இருந்தால் அந்த இடைவெளி நிரம்பும்.

நான்காவது, குறும்பாவு. சில வேளைகளில் புதுமை பாவிலேயே தேவைப்படும். புதிய கரையை ஊடையில் சோதிக்க இயலாது. அப்போது நீளம் குறைந்த பாவொன்றைப் போட்டு இரண்டு, மூன்று உருப்படிகள் மட்டும் நெய்து பார்க்கலாம். உருப்படி ஒன்றுக்கு ஆகும் செலவு கூடும். அந்தக் கூடுதல் தொகையை நட்டமாகக் கருதாமல், பெரும் நட்டத்தைத் தவிர்க்கச் செலுத்தும் கட்டணமாகக் கருதுங்கள்.

உறுதியான வேலையும் உயர்ந்த வேலையும்

2019-20-இல் வெளியான நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 35.22 லட்சம் பேர் நெசவிலும் அதைச் சார்ந்த பணிகளிலும் ஈடுபட்டுள்ளனர். அக்குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இத்தகைய வீட்டில் ஒரு பாவு தவறிப்போவது ஓர் ஆண்டின் கல்விக் கட்டணத்தையோ மருத்துவச் செலவையோ பறித்துவிடக் கூடும். துணிந்து பாருங்கள் என்று வெளியிலிருந்து அறிவுரை சொல்வது எளிது. துணிவின் விலையை யார் தாங்குவது என்பதே உண்மையான கேள்வி.

இந்நிலையில் 2017-இல் தொடங்கிய கேரள அரசின் கைத்தறிப் பள்ளிச் சீருடைத் திட்டம் ஒருவகை உறுதியைத் தந்தது. வேண்டிய துணி எவ்வளவு, எந்த நிறம் என்பது முன்பே தெரிவதால் விற்காமல் தங்கும் அச்சமில்லை. ஆனால் எல்லாத் தறிகளும் சீருடைக்கே திரும்பினால், நூறாம் எண் நூலில் நெய்யும் கைத்திறன் அடுத்த தலைமுறைக்குச் செல்லாது. சில தறிகள் உறுதியான வேலையில் நின்று அடுப்பெரிய வழி செய்ய, ஒன்றிரண்டு தறிகள் நுண்ணிய நெசவிலும் புதிய முயற்சியிலும் ஈடுபடுவது நடுநிலையான ஏற்பாடு. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தனி உற்பத்தியாளருக்கும் இது பொருந்தும்.

கடன் பெறும்போதும் இப்பிரிவினை உதவும். நெசவாளர் முத்ரா திட்டத்தின் கீழ் 6 சதவீதச் சலுகை வட்டியில் கடன் பெற வழியுண்டு. மற்றத் தொழில்களுக்கும் 2015 ஏப்ரலில் தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டம் உள்ளது. தகுதிகளையும் நடப்பு விதிகளையும் அருகிலுள்ள கிளையில் கேட்டறியலாம். விண்ணப்பத்தோடு இரண்டு பட்டியல்களை எழுதிக்கொண்டு செல்லுங்கள். ஒன்றில் பாவுக்கு உரிய செலவுகளும் அவற்றுக்கு நீங்கள் காட்டும் சான்றுகளும் இருக்கட்டும். மற்றொன்றில் சோதனைக்காக நீங்கள் ஒதுக்கும் சிறு தொகையும், அது முழுவதும் போனாலும் தவணை தவறாது என்பதற்கான கணக்கும் இருக்கட்டும். இவ்வாறு பிரித்து எழுதிய திட்டத்தைக் கிளை மேலாளரும் தெளிவாக மதிப்பிட முடியும். உங்களுக்கும் அது ஆண்டு முழுவதும் வழிகாட்டும்.

இந்த ஆண்டு ஊடையில் நெய்து பார்த்து விற்ற முந்தியொன்று, அடுத்த ஆண்டு சான்றுள்ள வடிவமாகப் பதிவேட்டில் ஏறும். அதை நம்பி அதற்கேற்ற கரையோடு முழுப் பாவு போடலாம். அந்தப் பாவின் கடைசிச் சேலையில் மீண்டும் ஒரு புதிய முந்திக்கு இடமிருக்கும்.